சாவியைத் திருப்பும் முன்

2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அதை ஓட்டிச் சென்றார். 1932ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில் பல்லாண்டுகளாகக் கேட்டுப் பழகிய டீசல் இயந்திரத்தின் உறுமல் அன்றோடு ஓய்ந்தது. ரயில் மட்டுமன்று, சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓடிய டாக்சிகளில் பெரும்பாலானவையும் அந்நாளில் டீசல் வண்டிகளே. நிசான் செட்ரிக், டொயோட்டா கிரவுன் ஆகியவற்றில் பயணம் செய்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர்.

அந்த டாக்சிகள் இரவு பகலாக ஓடின. நாள்தோறும் ஓடும் இயந்திரம் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நெடுநாள் நின்றுவிட்ட இயந்திரமே தொல்லை தருகிறது. கொவிட்-19 பரவலைக் கட்டுப்படுத்த, 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை மக்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தனர். அடுக்குமாடி வாகன நிறுத்துமிடங்களில் வண்டிகள் வாரக்கணக்கில் அசையாமல் நின்றன. மீண்டும் வண்டியை எடுக்க வந்தவர்களுள் சிலர் சாவியைத் திருப்பியபோது ‘டிக்’ என்ற ஒலி மட்டுமே கேட்டது. பேட்டரியில் மின்சாரம் தீர்ந்திருந்தது.

சில வாரங்களுக்கே இந்த நிலை என்றால், பல ஆண்டுகள் நின்ற பழைய டீசல் காரின் நிலை என்னவாக இருக்கும்? அதை மீண்டும் ஓட வைக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால், சாவியைத் திருப்புவது அதில் முதல் வேலை அன்று, கடைசி வேலை.

தீப்பொறி இல்லாத இயந்திரம்

இதற்கான காரணத்தை அறிய, டீசல் இயந்திரம் இயங்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க ஒரு மின்பொறி தேவை. டீசல் இயந்திரத்தில் அது இல்லை. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரம் வேறொரு வழியைப் பின்பற்றியது. காற்றை மிகவும் அழுத்தினால் அது சூடாகும். மிதிவண்டிச் சக்கரத்திற்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைப் பலர் தொட்டு உணர்ந்திருப்பர். அதே செயல்தான் இங்கும் நடக்கிறது.

பழைய டீசல் கார்களில், சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையில் உதவுவதற்காகச் சிலிண்டரின் தலைப்பகுதியில் ‘குளோ பிளக்’ என்னும் சிறு சூடேற்றி பொருத்தப்பட்டிருக்கும்.

ஆகவே, டீசல் இயந்திரம் உயிர்பெற மூன்று தேவைகள் உள்ளன. அவை இயந்திரத்தை வேகமாகச் சுழற்றும் வலுவான பேட்டரி, கசிவில்லாத அழுத்தம், காற்றும் நீரும் கலக்காத தூய டீசல் ஆகியவை. நெடுநாள் நிற்கும்போது இவை மூன்றுமே கெடக்கூடும்.

நிற்கும்போது நேர்வது

பேட்டரி பயன்படுத்தப்படாவிட்டாலும் அதன் மின்சாரம் மெல்ல மெல்லக் குறைகிறது. பல மாதங்கள் வெறுமையாகவே கிடந்தால், அதன் ஈயத் தகடுகள் மீண்டும் மின்னூட்டம் பெற முடியாதபடி கெட்டுவிடுகின்றன.

டீசலும் மாறுகிறது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டிற்கும் மேல். பாதி காலியான தொட்டிக்குள் புகும் ஈரக்காற்று குளிரும்போது நீர்த்துளிகளாகிறது. நீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கரிய பிசுபிசுப்பான கசடாகின்றன. கசடு வடிகட்டியை அடைக்கிறது. நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. டீசலைச் செலுத்தும் பம்பு, தன் வழியே ஓடும் டீசலையே மசகு எண்ணெயாகவும் பயன்படுத்துகிறது. டீசலுக்குப் பதிலாக நீர் வந்தால் அந்தப் பம்பு தேய்ந்து பாழாகும்.

இயந்திரத்தின் உட்பாகங்களில் படிந்திருந்த எண்ணெய்ப் படலமும் நாளடைவில் கீழே வடிந்துவிடுகிறது. ரப்பர்க் குழாய்கள் காய்ந்து வெடிக்கின்றன. பிரேக்குகள் துருவினால் இறுகுகின்றன. ஒரே இடத்தில் வண்டியின் முழு எடையையும் தாங்கிய டயர்கள் அடிப்பக்கம் தட்டையாகின்றன. வெளியில் பளபளப்பாக நிற்கும் வண்டிக்குள் இத்தனையும் ஓசையின்றி நடக்கின்றன.

எழுப்பும் முறை

அனுபவமுள்ள மெக்கானிக் இத்தகைய காரின் சாவியை முதலில் தொடுவதில்லை. முன்மூடியைத் திறந்து பார்க்கிறார். எலிகள் கூடு கட்டியுள்ளனவா, மின்கம்பிகள் கடிபட்டுள்ளனவா, குழாய்கள் வெடித்துள்ளனவா என்று ஆராய்கிறார். பிறகு தொட்டியிலுள்ள பழைய டீசலை வடித்து, தொட்டியைத் துப்புரவாக்கிப் புதிய டீசலை நிரப்புகிறார். டீசல் வடிகட்டி, இயந்திர எண்ணெய், எண்ணெய் வடிகட்டி ஆகிய மூன்றையும் மாற்றுகிறார். குளிர்விக்கும் நீரின் அளவையும் சரிபார்க்கிறார்.

அடுத்து, கியர் நடுநிலையில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, இயந்திரத்தின் முன்புறக் கப்பியிலுள்ள போல்ட்டில் நீண்ட ஸ்பேனரைப் பொருத்தி, கையாலேயே மெல்ல இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றுகிறார். தடையின்றிச் சுழன்றால் உள்ளே எதுவும் துருவினால் ஒட்டிக்கொள்ளவில்லை என்று பொருள். சுழலாவிட்டால் வலிந்து திருப்பக் கூடாது. சிலிண்டருக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு மீண்டும் முயல வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கினால், துருவேறிய பாகங்கள் ஒன்றையொன்று கீறிக்கொள்ளும். ஒரு நிமிட அவசரம் ஓர் இயந்திரத்தையே பலிவாங்கிவிடும்.

பின்னர் டீசல் குழாயில் சிக்கியுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். டீசலை அழுத்துவதுபோல் காற்றை அழுத்த முடியாது; அது பஞ்சுபோல் சுருங்கிக்கொள்ளும். அதனால் சிறு காற்றுக்குமிழ்கூட டீசலைச் சிலிண்டருக்குச் செல்லவிடாமல் தடுத்துவிடும். பல பழைய கார்களில் வடிகட்டியின் அருகே கையால் அழுத்தும் சிறு பம்பு உண்டு. திருகாணியைச் சற்றுத் தளர்த்திவிட்டு அந்தப் பம்பை அழுத்தினால் முதலில் நுரை வரும். பிறகு குமிழில்லாத டீசல் வரும். அப்போது திருகாணியை இறுக்க வேண்டும்.

நன்கு மின்னூட்டம் பெற்ற பேட்டரியைப் பொருத்திய பின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. டீசல் செல்லும் வழியை அடைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரால் இயந்திரத்தைச் சில விநாடிகள் மட்டும் சுழற்ற வேண்டும். இயந்திரம் பற்றிக்கொள்ளாது, ஆனால் வடிந்துபோன எண்ணெய் மீண்டும் எல்லாப் பாகங்களையும் சென்றடையும். முன்பலகையிலுள்ள எண்ணெய் விளக்கு அணைவதே அதற்கு அடையாளம். ஒவ்வொரு முறையும் பத்து விநாடிகளுக்கு மேல் சுழற்றாமல், இடையே மோட்டார் ஆறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

இப்போதுதான் டீசல் வழியைத் திறந்து, குளோ பிளக் சூடாகி அதன் விளக்கு அணையும் வரை காத்திருந்து, சாவியைத் திருப்ப வேண்டும்.

இயந்திரம் பற்றாவிட்டால், எளிதில் தீப்பிடிக்கும் தெளிப்பானைக் காற்றுவழியில் அடித்து எழுப்பச் சிலர் முயல்வர். சூடான குளோ பிளக் உள்ள இயந்திரத்தில் அது உரிய நேரத்திற்கு முன்பே வெடித்து, பிஸ்டனை உடைத்துவிடக்கூடும். காற்றோட்டமில்லாத இடத்தில் இயந்திரத்தை ஓடவிடுவதும் ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் அது உயிரைப் பறிக்கும். அதோடு, நிறுத்திய வண்டியின் இயந்திரத்தைத் தேவையின்றி ஓடவிடுவது சிங்கப்பூரில் குற்றமாகும். எனவே இவ்வேலைகளைத் தகுதி பெற்றவர் ஒருவர் பட்டறையில் செய்வதே முறை.

புகை சொல்லும் செய்தி

இயந்திரம் இருமி, குலுங்கி, ஒருவழியாக ஓடத் தொடங்கியதும் மெக்கானிக் வண்டியின் பின்பக்கம் சென்று புகையைப் பார்க்கிறார். வெண்புகை எரியாத டீசலைக் காட்டுகிறது. இயந்திரம் சூடானதும் அது மறைந்தால் கவலையில்லை. நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது. கரும்புகை, டீசல் மிகுதியாகவோ காற்றுக் குறைவாகவோ செல்வதைக் காட்டுகிறது. இயந்திரம் ஓடுகிறது என்பதற்காக உடனே சாலைக்குச் சென்றுவிட முடியாது. ஓடாத காரால் யாருக்கும் ஆபத்தில்லை. நிற்காத காரால்தான் ஆபத்து. ஆகவே பிரேக்குகளும் டயர்களும் சீராக்கப்பட்ட பின்னரே வண்டி நகர வேண்டும்.

காத்திருக்கும் இயந்திரங்கள்

சிங்கப்பூரில் 2025ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் புதிய டீசல் கார்களும் டாக்சிகளும் பதிவுசெய்யப்படுவதில்லை. தூய்மையான காற்றுக்காக எடுக்கப்பட்ட முடிவு அது. அப்படியானால் டீசல் இயந்திரத்தை எழுப்பும் அறிவு இனித் தேவையற்றதா?

இல்லை. தஞ்சோங் பகாரின் உயரமான கட்டடங்களையும் ஊட்ரம் வட்டாரத்தின் மருத்துவமனையையும் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு. மின்தடை ஏற்பட்டால் விளக்குகளும் மின்தூக்கிகளும் மருத்துவக் கருவிகளும் நின்றுவிடக் கூடாது. அதற்காக இத்தகைய கட்டடங்களில் டீசல் மின்னாக்கிகள் காத்திருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவற்றுக்கு வேலையில்லை. ஆனால் வேலை வரும்போது சில விநாடிகளில் விழித்தெழ வேண்டும். அறுவை அறையில் ஒருவர் படுத்திருக்கும்போது, பழைய டீசலை வடிக்கவோ காற்றை வெளியேற்றவோ நேரம் இருக்காது. ஆகவே, ஊழியர்கள் அவற்றைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இயக்கிப் பார்க்கின்றனர், பேட்டரியைச் சோதிக்கின்றனர், டீசலில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்கின்றனர்.

பல ஆண்டுகள் நின்ற காரை எழுப்புவதற்குப் பொறுமை வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பர். அதைவிட எளிய வழி, இயந்திரத்தை அந்த நிலைக்குச் செல்லவிடாமல் அவ்வப்போது கவனிப்பது. பயன்படுத்தாமல் வைத்த பொருள் புதியதாகவே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். நின்றுகொண்டிருக்கும் இயந்திரம் அந்த எண்ணம் தவறு என்பதைக் காட்டுகிறது.