உண்ணி எங்கே ஒளிந்திருக்கிறது?

நாயின் காதோரம் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது உண்ணி. தாராவியில் நமக்கு முற்றம் ஏது? வாசல்படிதான் முற்றம். அங்கேதான் தெருநாயும் படுக்கிறது.

வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கும். சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டை இடும். பிறகு செத்துப்போகும். குஞ்சுகள் அடுத்த நாய்க்காகக் காத்திருக்கும். ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டினால் போதாது. வெடிப்பைச் சிமெண்ட் பூசி அடையுங்கள். நாய் படுத்த சாக்கை வெந்நீரில் அலசுங்கள்.

காட்டு உண்ணி இன்னும் கொடியது. 1957-இல் கர்நாடகத்தில், ஷிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குள் போய்வந்த மனிதர்களுக்கும் காய்ச்சல் கண்டது. சிலர் இறந்தார்கள். உண்ணி பரப்பிய கிருமியே காரணம். 2016-இல் நம் மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் இந்தக் குரங்குக் காய்ச்சல் பரவியது. மழை ஓய்ந்த பிறகு, நவம்பர் முதல் மே வரை, குட்டி உண்ணிகள் அதிகம். எள்ளை விடச் சிறியவை. அந்த மாதங்களில் முந்திரித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் உடம்பு முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும்.

உண்ணி கடித்தால் நகத்தால் நசுக்காதீர்கள். தீக்குச்சியால் சுடாதீர்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சில நாளில் காய்ச்சல் வந்தால் சயான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உண்ணி கடித்ததை முதலில் சொல்லுங்கள். நாம் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது.