கொல்லிமலை மழைக்குக் காத்திருக்கும் கடலோரக் காடு!

ஆலத்தூர் நாட்டில் மழை பெய்கிறது. மிளகுக் கொடி நனைகிறது. பலா மரம் நனைகிறது. குடிசைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

கொல்லிமலையில் பெய்யும் மழைக்குப் பல வழிகள். ஒரு பங்கு ஆகாய கங்கை அருவியில் விழுந்து ஐயாறாக ஓடுகிறது. திருச்சி மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது அல்லவா? அங்கே வெள்ளத்தின் பெரும் பங்கு கொள்ளிடத்தில் இறங்கிக் கடலை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு மலையின் கிழக்குப் பக்கம் சுவேத நதியாக இறங்கி, வெள்ளாற்றில் சேர்கிறது.

கொள்ளிடம் ஒரு பக்கம். வெள்ளாறு ஒரு பக்கம். இரண்டும் வங்கக் கடலில் விழும் இடங்களுக்கு நடுவே ஒரு காடு இருக்கிறது. அதுதான் பிச்சாவரம்!

கொல்லிமலையிலும் வாசலூர்பட்டியில் படகு இல்லம் உண்டு. அது பொழுதுபோக்கு. பிச்சாவரத்துப் படகு அப்படி அல்ல. அது ஒரு பள்ளிக்கூடம்!

துடுப்புதான் நல்லது

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் அங்கே இருக்கிறது. மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. அவசரக்காரர்கள் மோட்டார் படகில் ஏறுகிறார்கள். அது அகலமான வாய்க்காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். சத்தத்தில் பறவையும் பறந்துவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் துடுப்புப் படகில் ஏறுவதே நல்லது. கிளைகள் தலைக்கு மேல் பந்தல் போட்டிருக்கும் சந்து வாய்க்கால்களில் அதுதான் நுழையும். படகோட்டிகள் அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர்கள். துடுப்பை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தால், புத்தகம் தோற்றுவிடும்.

"தம்பி! அந்த இலையைத் தொட்டு விரலை நாக்கிலே வை!"

பையன் வைக்கிறான். முகத்தைச் சுளிக்கிறான்.

"ஐயே! உப்பு!"

"இது வெண்கண்டல். குடிக்கிற உப்பை இலை வழியாக் கக்கிடும். அதோ, தில்லை மரம். அதைத் தொடாதே! பால் கண்ணிலே பட்டா பார்வைக்கே ஆபத்து."

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது இந்த மரத்தால்தான்!

தண்ணீரில் நிற்கும் கால்கள்

சுரபுன்னை மரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அடிமரத்திலிருந்து வளைந்து வளைந்து வேர்கள் இறங்கி, சேற்றில் ஊன்றி நிற்கின்றன. பொய்க்கால் கட்டிய ஆள் மாதிரி! அலை அடித்தாலும் மரம் சாயாது. இது உப்பை இலையால் கக்குவதில்லை. வேரிலேயே பெரும் பகுதியை வடிகட்டிவிடுகிறது.

வெண்கண்டலின் வழக்கம் வேறு. சேற்றுக்குள் காற்று இல்லை. ஆகவே அதன் வேர்கள் மூச்சு விட மேலே வருகின்றன. மரத்தைச் சுற்றிப் பென்சில்களை நட்டு வைத்தாற்போல் அவை நிற்கின்றன.

விதை முளைக்கும் விதம்தான் பெரிய அதிசயம். சுரபுன்னையின் விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது! முருங்கைக்காய் போல் நீண்டு, பிறகு விழுகிறது. சேற்றில் குத்திக்கொண்டால் அங்கேயே வேர் விடுகிறது. இல்லாவிட்டால் மிதந்து போய், வேறொரு கரையில் ஒதுங்குகிறது.

உதிரும் இலையும் வீணாவதில்லை. அது அழுகுகிறது. அழுகியதை நண்டும் இறாலும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் இந்த வேர்களுக்கு நடுவே வந்துதான் வளர்கின்றன. பெரிய மீன் அங்கே எளிதில் நுழைய முடியாது. இருளர் குடும்பங்கள் வாய்க்காலில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பதை இன்றும் பார்க்கலாம்.

செத்துப் பிழைத்த காடு

இந்தக் காட்டின் பரப்பு ஏறக்குறைய 2,700 ஏக்கர். ஆனால் ஒரு காலத்தில் இது பாதி செத்துக் கிடந்தது!

வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி, காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். தானாக முளைக்கும் என்பது எண்ணம். முளைக்கவில்லை. நிழல் போனதும் வெயில் சேற்றைக் காய்ச்சியது. தரை தட்டுப் போலக் குழிந்தது. உள்ளே புகுந்த கடல் தண்ணீர் வெளியேற வழியின்றி வற்றி, உப்பாய் உறைந்தது. அந்த உப்பைக் கண்டலும் தாங்கவில்லை.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களைச் சேர்த்துக்கொண்டு வாய்க்கால் வெட்டின. நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இரு பக்கமும் மீன் முள் போலச் சிறு வாய்க்கால்கள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்தது. இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போனது. நட்ட கன்றுகள் பிழைத்தன. பாலைவனமாய்க் கிடந்த இடத்தில் இன்று படகு நிழலில் போகிறது!

2004 டிசம்பர் 26. சுனாமி வந்தது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று மறு ஆண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலிலிருந்து தூரமும் தரையின் மேடும்தான் காரணம் என்று வேறு சிலர் மறுத்தார்கள். விஞ்ஞானிகள் சண்டை ஓயவில்லை. காட்டைச் சுற்றி வாழ்கிறவர்களிடம் கேட்டால் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

2022-ல் பிச்சாவரம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலம் என்ற மதிப்பு அது.

நல்ல தண்ணீர் வருமா?

பட்டியலில் சேர்ந்தால் மட்டும் மரத்துக்குத் தாகம் தீராது. கண்டல் உப்பைத் தாங்குமே தவிர, உப்பையே தின்று வாழாது. கடல் தண்ணீரோடு ஆற்றுத் தண்ணீரும் கலக்க வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. மேலே மேலே பாசனம் பெருகியது. வயலுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் கடைசியில் நிற்கும் காட்டுக்கு வரும் பங்கு குறைந்தது. உப்பை அதிகம் தாங்காத மரங்கள் அருகிவிட்டன. தாங்கும் வெண்கண்டலே இப்போது மிகுதி.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டினால்தான் வாய்க்காலில் உப்புக் குறைகிறது. அப்போது படகோட்டி தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்க்கிறார்.

"மேலே நல்ல மழை போல!" என்கிறார்.

பார்க்கப் போகிறவர்கள் காலையிலேயே போக வேண்டும். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கிவிடும். மழைக்காலம் முடிந்து தை வரை வெளிநாட்டுப் பறவைகளும் உண்டு. குடிதண்ணீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது. சுற்றிலும் தண்ணீர்தான், குடிக்கத்தான் ஒரு சொட்டும் ஆகாது.