பருவம் அறிந்த கை

ஒரே விதைப்பையை இரு வீட்டார் பகிர்ந்துகொள்கின்றனர். ஒருவர் பந்தல் அவரையைச் சித்திரையில் ஊன்றுகிறார். மற்றவர் ஆடியில் ஊன்றுகிறார். சித்திரைக் கொடி பந்தல் முழுவதும் படர்ந்து, இலையடர்ந்து நிற்கிறது. மாதங்கள் பல கடந்தும் பூவைக் காணோம். ஆடியில் ஊன்றிய கொடியோ சில மாதங்களிலேயே பூத்து, மார்கழியில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. ‘அவருக்குக் கைராசி’ என்கிறது ஊர். அந்தக் கைராசியின் மறுபெயர் பருவ அறிவு.

பட்டமும் மழையும்

விதைப்பதற்கு உரிய காலத்தை உழவர் ‘பட்டம்’ என்பர். தமிழ்நாடு தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையால் பெறுகிறது. எனவே, பிற பகுதிகளுக்கென வகுத்த விதைப்பு அட்டவணை இங்கு அப்படியே பொருந்துவதில்லை. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி இம்மண்ணின் மழைக்கணக்கை உணர்த்துகிறது. ஆடியில் கோடை வெப்பம் தணியத் தொடங்கும். அப்போது விதைத்த வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, பாகல், புடலை ஆகியவை, பெருமழை வருமுன் ஆழ வேரூன்றிவிடும். ஆயின், ‘ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதால், மாடித் தோட்டத்து இளஞ்செடிகளுக்குக் கொம்பு நட்டுக் கட்டுதல் வேண்டும்.

ஒளியின் கணக்கு

மழை மட்டுமே பருவம் ஆகாது. பகலின் நீளமும் பருவமே. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. மனிதர் பெரிதாக உணராத இவ்வேறுபாட்டைச் செடி உணர்கிறது. நாட்டு வகைப் பந்தல் அவரை, பகல் குறுகும்போதுதான் பூக்கும். செவ்வந்தியின் இயல்பும் அதுவே. சித்திரைக்குப்பின் பகல் நீள்வதால் கொடி தழைக்கிறது, பூப்பதில்லை.

கார்த்திகை, மார்கழியின் குளிர்ச்சி முள்ளங்கி, கொத்தமல்லி, முட்டைக்கோசு ஆகியவற்றுக்கு ஏற்றது. தைப்பட்டத்தில் வெள்ளரி, பூசணி, கொத்தவரை ஆகியவற்றை விதைக்கலாம். கோடையில் விரைந்து வளரும் கீரைகளுக்கு இடமளிப்பது நன்று.

வெட்டினால் பூக்கும்

பூஞ்செடிகளுக்கும் புதர்ச்செடிகளுக்கும் விதைப்பைவிடக் கவாத்தே முதன்மையானது. குண்டுமல்லி புதிய தளிர்களில்தான் அரும்பும். ஆதலால், நவம்பர் இறுதியில் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் அதனை வெட்டிவிடுவர். வெட்டுமுன் நீர் பாய்ச்சுவதையும் நிறுத்துவர். பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்ச, பங்குனி முதல் பூக்கள் குவியும். வெட்ட மனமின்றி விட்ட செடி, முதிர்ந்த கிளைகளைச் சுமந்து சில பூக்களோடு நின்றுவிடும். செம்பருத்தி, நந்தியாவட்டை போன்றவற்றிலும் காய்ந்த, நெருக்கமான கிளைகளை அவ்வப்போது நீக்கினால் காற்றும் ஒளியும் உட்புகும்.

மண்ணும் நீரும்

தொட்டிச் செடிக்குச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மட்கிய எரு ஆகியவற்றைச் சம அளவில் கலக்கலாம். மழைக்காலத்தில் தொட்டியின் வடிகால் துளை அடைபட்டால் நீர் தேங்கி வேர் அழுகும். கோடையில் காய்ந்த சருகுகளை மண்மீது பரப்பினால் ஈரம் எளிதில் ஆவியாகாது. விரலை மண்ணில் அழுத்திப் பார்த்து, ஈரம் இல்லையெனில் மட்டும் காலையில் நீரூற்றுவது சிக்கனமாகும். மாவுப்பூச்சி தோன்றினால், ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

காலம் தவறி விதைத்தவர், காய்க்காத செடிக்கு மேலும் நீரும் உரமும் இடுகிறார். இறுதியில் மண்ணைக் குறைகூறித் தோட்டத்தையே கைவிடுகிறார். அவ்வாறு கைவிடப்படும் ஒவ்வொரு தோட்டத்தோடும் தலைமுறைகள் சேர்த்துவைத்த பட்டக் கணக்கும் மறைகிறது. ஒரு தொட்டியும், விதைத்த நாளையும் பூத்த நாளையும் எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். கைராசி எவர்க்கும் வாய்க்கும்.