மனத்துக்கும் ஓய்வு வேண்டும்

“காலையிலிருந்து மரத்தோடதானே மல்லுக்கட்டுறோம், இன்னும் என்ன மரத்தைப் பார்க்கிறது?” என்று கேட்பீர்கள். தோழர்களே, வேலைப் பார்வை வேறு, ஓய்வுப் பார்வை வேறு.

பால் வெட்டும்போது கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் படக் கூடாது. செம்பனைக் குலை வெட்டும்போது மட்டை தலையில் விழக் கூடாது. இப்படி இழுத்துப் பிடித்த மனமும் உடம்பைப் போலவே களைத்துப்போகும். கவனம் தளர்ந்தால் கை தவறும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சிலரைச் சுமார் 50 நிமிடம் மரங்களுக்கிடையே நடக்கவிட்டு, எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். நகரத் தெருவில் நடந்துவந்து சொன்னதைவிட நன்றாகவே சொன்னார்கள். இந்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது.

ஆகவே வேலை முடிஞ்சு குளித்தபின், கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, லயத்து வாசலில் சற்று உட்காருங்கள். மைனா எதைக் கொத்துது, மழை எந்தப் பக்கம் இருட்டுது என்று அவசரமில்லாமல் பாருங்கள். மனம் கடன், சம்பளம் என்று ஓடினால் கோபப்படாதீர்கள், மெல்லத் திருப்புங்கள். பிள்ளைகளையும் பாடம் படிக்குமுன் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பல வாரமாகத் தூக்கமில்லை, மனம் தெளியவில்லை என்றால் இது மட்டும் போதாது. வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.