பழைய டபல் கெப்பும் மலைப்பாதையும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் சாதாரண மக்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. ஆதலால் பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டப்புறங்களில் மரக்கறி மூட்டைகளையும் அவசர வேளைகளில் நோயாளர்களையும் ஏற்றிச் செல்லும் பணி பழைய டர்போ டீசல் டபல் கெப்களையே சார்ந்துள்ளது. இவற்றின் வலுவைக் கூட்டும் ஆர்வத்தில் பலரும் முதலில் சைலன்சரை மாற்றுகின்றனர். இது தலைகீழான வரிசை என்பதே எமது கருத்து.

முதலில் பொருத்த வேண்டியவை அளவுமானிகள். வாகனத்துடன் வரும் வெப்பமானியின் முள் பெரும்பாலும் நடுவிலேயே நிற்கும். அது அசையும்போது இயந்திரம் கொதிக்கத் தொடங்கியிருக்கும். பாரத்துடன் மலையேறுகையில் மெய்யான அபாயம் புகைவாயுவின் வெப்பத்திலேயே உண்டு. டர்போவுக்கு முன்னால் அது தொடர்ந்து 700 பாகை செல்சியஸைத் தாண்டுமாயின் பிஸ்டனும் டர்போவும் பழுதடையலாம்; அலுமினியம் உருகுவது 660 பாகையில் என்பது கவனிக்கத்தக்கது. முள் ஏறினால் கியரைக் குறைத்து, அக்சிலேட்டரைத் தளர்த்துவதே பரிகாரம்.

ஏறத்தாழ 1400 மீற்றர் உயரத்திலுள்ள ஹப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் எட்டிலொரு பங்கு குறைவு. அமுக்கமானியில் வழமையான அளவு காட்டாவிடில் குழாயில் கசிவோ, அடைபட்ட வடிகட்டியோ காரணமாகலாம். தூசி நிறைந்த தோட்டப் பாதைகளுக்குக் காகித வடிகட்டியே பாதுகாப்பானது. எண்ணெய் பூசிய பஞ்சு வடிகட்டியைப் பந்தயக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

சற்று அகன்ற புகைக்குழாய் வெப்பத்தைக் குறைக்க உதவும். ஆனால் சைலன்சரை அகற்றிவிட்டு, கரும்புகை கக்கும்வரை டீசலைக் கூட்டுவது வேறு விடயம். 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையில் தேறாத வாகனத்துக்கு வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கரும்புகை என்பது முற்றாக எரியாது வீணாகும் டீசல். லயன் வாசல்களில் விளையாடும் சிறுவர்களே அதனைச் சுவாசிக்கின்றனர்.