சிரிப்பிற்குள் ஒளிந்திருக்கும் உள்ளம்

ஆங்கிலம் பயிலும் மாணவி ஒருத்தி, "என்னைக் கண்டதும் ஆசிரியை 'ஸ்மர்க்' செய்தார்" என்று கட்டுரையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆசிரியை புன்னகைத்தார் என்பதே அவள் கருத்து. ஆனால் படிப்பவரோ, அந்த ஆசிரியை செருக்கோடு இளித்தார் என்றே பொருள் கொள்வார். ஒரே ஒரு சொல், நன்றியை நிந்தையாக்கி விடுகிறது!

ஆங்கிலத்தில் சிரிப்பைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றை முதலில் ஓசையால் பிரிக்கலாம். ஓசையின்றி இதழில் மலர்வது 'ஸ்மைல்'. வாய்விட்டுச் சிரிப்பது 'லாஃப்'. தனக்குள் மகிழ்ந்து தாழ்குரலில் நகைப்பது 'சக்கிள்'. சிறுமியர் அடக்கமாட்டாமல் விட்டுவிட்டுச் சிரிப்பது 'கிகிள்'. வெடித்துக் கிளம்பும் பெருஞ்சிரிப்பு 'கஃபா'.

எனினும், ஓசையைவிட முக்கியமானது உள்ளம். மகிழ்ச்சியால் முகமெல்லாம் ஒளிர்வது 'பீம்'. உதட்டைக் கோணிப் பிறரை இகழ்வது 'ஸ்னியர்'. பிறர் தடுமாறக் கண்டு வாய்க்குள்ளே ஏளனமாய்ச் சிரிப்பது 'ஸ்னிக்கர்'. தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் இளிப்பே 'ஸ்மர்க்'.

மனிதரைப் போலவே சொற்களுக்கும் உயர்வும் தாழ்வும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மர்க்' என்பது வெறும் புன்னகையையே குறித்தது. பின்னர் வந்த 'ஸ்மைல்' அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ள, அது இழிபொருள் பெற்றது. 'கிரின்' என்பதோ முற்காலத்தில் வேதனையாலும் சினத்தாலும் பல்லைக் காட்டுவதைச் சுட்டியது. இன்று பல் தெரிய அகலச் சிரிப்பதைக் குறிக்கிறது. 'சார்ட்டில்' என்னும் களிப்புச் சிரிப்பு, லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட நூலில் புதிதாய்ப் படைத்த சொல்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவரை நோக்கி 'ஸ்மைல் அட்' என்றால் அன்பு; அதே ஒருவரைக் குறித்து 'லாஃப் அட்' என்றால் பெரும்பாலும் ஏளனம். 'லாஃப் வித்' என்றால் அவரோடு சேர்ந்து மகிழ்தல். தமிழிலும் 'அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்' என்பதற்கும், 'அவனோடு சிரித்தார்கள்' என்பதற்கும் உள்ள தூரம் நாம் அறிந்ததே.

பெற்றோரே! உங்கள் பிள்ளை இச்சொற்களைத் தட்டுத்தடுமாறி உச்சரிக்கும்போது வீட்டில் எழும் சிரிப்பு எவ்வகையைச் சேர்ந்தது? அதன் பெயரைப் பிள்ளை அறியாதிருக்கலாம். அதன் பொருளை அவன் உள்ளம் நன்கறியும்.