தெருவில் படம் எடுக்க எந்தச் சின்னக் கேமரா?

தெருப் புகைப்படத்துக்காகக் கேமரா வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல், எவ்வளவு ஜூம் என்பதைத்தான். இரண்டும் தெருவில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. மயிலாப்பூர் மாட வீதியில் பூக்காரம்மா முழம்போட்டு அறுத்த சரத்தை நீட்டுகிறார். வாங்குகிறவர் கையை நீட்டுகிறார். இரண்டு கைகளும் சந்திக்கும் காட்சி ஒரு விநாடிகூட நிற்காது. நீங்கள் நிற்பதோ அவர்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. அந்த இரண்டு மீட்டருக்கும் அந்த ஒரு விநாடிக்கும் ஈடுகொடுக்கிற கேமராதான் தெருவுக்கு உகந்தது. மற்ற கணக்குகளை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பை. பையில் கொள்ளுமா என்பதை எடையைவிடத் தடிமன்தான் தீர்மானிக்கிறது. ரிக்கோ ஜிஆர் 3 கேமராவின் தடிமன் 33 மில்லிமீட்டர். பேட்டரியும் கார்டும் சேர்த்து 257 கிராம். பேன்ட் பையில் சிரமமில்லாமல் அடங்கும். சட்டைப் பையிலும் நுழையும், ஆனால் குனியும்போது விழுந்துவிடும் என்பதால் அதை நான் சொல்லமாட்டேன். பலரும் ஆசைப்படும் ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 6-ன் தடிமன் 55 மில்லிமீட்டர், எடை 521 கிராம். அது தோளில் தொங்கவேண்டிய கேமரா. சேலை, சுடிதார் உடுத்துகிறவர்களுக்குப் பெரும்பாலும் பையே இருப்பதில்லை. அவர்கள் மணிக்கட்டில் மாட்டும் வார் ஒன்றைக் கட்டாயம் சேர்த்து வாங்கவேண்டும். வார் மணிக்கட்டில் இருந்தால் கேமரா உள்ளங்கையோடு ஒட்டியிருக்கும், பார்ப்பவர் கண்ணையும் உறுத்தாது.

சின்னதாக இருப்பது வெறும் வசதிக்காக மட்டும் அல்ல. பால் வாங்கப் போகும்போதும் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் கூடவே இருக்கிற கேமராவில்தான் தெருப் படங்கள் விழுகின்றன. 1925-ல் சந்தைக்கு வந்த முதல் லைக்கா கேமராவை அந்தக் காலப் புகைப்படக்காரர்கள் அள்ளிக்கொண்டதற்கும் இதே காரணம்: அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நடக்க முடிந்தது.

அடுத்தது லென்ஸ். தெருவுக்கு ஜூம் இல்லாத, ஒரே குவியத் தூரம் கொண்ட லென்ஸையே பரிந்துரைப்பேன். கேமராக்காரர்கள் 28, 35, 40, 50 என்று எண்களாகச் சொல்வதைத் தெரு அளவில் இப்படிப் புரிந்துகொள்ளலாம். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால், 28 மி.மீ. லென்ஸ் சுமார் இரண்டரை மீட்டர் அகலமான இடத்தைப் படத்துக்குள் கொண்டுவரும். 35 மி.மீ. இரண்டு மீட்டரையும், 40 மி.மீ. ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றே கூடுதலாகவும் பிடிக்கும். டீக்கடை முழுவதும், அதில் நிற்கும் நால்வரும், மேலே தொங்கும் வாழைத்தாரும் ஒன்றாக வேண்டுமென்றால் 28. ஒருவர் முகமும் அவர் கையிலிருக்கும் டம்ளரும் போதுமென்றால் 40. ஜூம் இருந்தால் இரண்டுமே கிடைக்குமே என்று தோன்றும். ஆனால் தெருவில் ஜூமைத் திருகும் நேரத்தில் காட்சி கலைந்துவிடும். ஒரே லென்ஸோடு சில மாதம் நடந்தால், கேமராவை எடுப்பதற்கு முன்பே எது படத்துக்குள் விழும், எது விழாது என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தை எந்த ஜூமும் தராது.

உங்களுக்கு எந்த எண் பொருந்தும் என்று கண்டுபிடிக்கச் செலவே இல்லை. இன்றைய போன்களின் பிரதான கேமரா பொதுவாக 24 முதல் 26 மி.மீ. அளவில் இருக்கும். ஜூம் பக்கம் கையே வைக்காமல் ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் இரண்டு மடங்கு ஜூமில் மட்டும் எடுங்கள். அது ஏறக்குறைய 50 மி.மீ. பார்வை. எந்த வாரத்துப் படங்கள் உங்களுக்குப் பிடிக்கின்றன என்பதில் விடை இருக்கிறது. அப்படியானால் போனே போதாதா? எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ளப் போதும். ஆனால் பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, வழுக்கும் கண்ணாடித் திரையைத் தொட்டு எடுப்பதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடுகிறது. ஜிஆர் 3 அணைந்திருக்கும் நிலையிலிருந்து 0.8 விநாடியில் தயாராகிறது. பையிலிருந்து கை வெளியே வரும்போதே விரலால் ஆன் செய்துவிடலாம்.

இனி வருவதுதான் முக்கியமான விஷயம்: ஃபோகஸ். ஆட்டோஃபோகஸ் எவ்வளவு வேகமாக இருந்தாலும், எதை ஃபோகஸ் செய்வது என்று கேமரா முதலில் முடிவெடுத்தாகவேண்டும். அறுபத்துமூவர் திருவிழாக் கூட்டத்தில் குறுக்கே ஒரு தோள் வந்தால் அது தோளைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் எடுக்க நினைத்த முகம் மங்கிப்போகும். பழைய தெருப் புகைப்படக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். லென்ஸில் குறித்திருக்கும் தூர அளவை முன்கூட்டியே இரண்டு மீட்டரிலோ மூன்று மீட்டரிலோ வைத்துவிட்டு, வெளிச்சம் நுழையும் துளையான அப்பர்ச்சரைச் சுருக்கிவிடுவார்கள். அப்பர்ச்சர் சுருங்கச் சுருங்க, குறித்த தூரத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாக விழும் பகுதி அகலமாகும். அப்புறம் ஃபோகஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அழுத்தினால் படம்.

கணக்கைப் பாருங்கள். ஜிஆர் 3-ல் இருப்பது உண்மையில் 18.3 மி.மீ. லென்ஸ், சென்சார் 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறியதாக இருப்பதால் 28 மி.மீ. பார்வை தருகிறது. அதில் எஃப் 8 அப்பர்ச்சரில் தூரத்தை இரண்டு மீட்டருக்குச் சற்றுத் தள்ளி வைத்தால், சுமார் ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவாக வரும். ஒன்றரை மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 90 சென்டிமீட்டரிலிருந்து ஐந்து மீட்டர் வரை. இரவில் அப்பர்ச்சரை எஃப் 2.8 வரை முழுதாகத் திறந்தாலும், இரண்டு மீட்டரில் குறித்திருந்தால் ஒன்றரையிலிருந்து மூன்று மீட்டர் வரை உங்களுக்கு இடம் உண்டு. இதே முறையை 40 மி.மீ. பார்வை தரும் ஜிஆர் 3எக்ஸ்-ல் கையாண்டால் இடம் சுருங்கிவிடும்: எஃப் 8-ல், இரண்டு மீட்டரில் வைத்தால் 1.4 மீட்டரிலிருந்து 3.8 மீட்டர் வரைதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு 28 நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். தவறுக்கு அது நிறைய இடம் கொடுக்கிறது. இந்தத் தூரங்கள் சாதாரண அளவுப் பிரின்டுக்கும் திரைக்குமான கணக்கு. சுவர் அளவுக்குப் பெரிதாக்கினால் ஓரங்கள் மிருதுவாகத் தெரியும்.

ரிக்கோ இந்தப் பழைய முறையை ஒரு பொத்தானுக்குள் அடக்கியிருக்கிறது. அதற்கு ஸ்னாப் ஃபோகஸ் என்று பெயர். ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு, இரண்டரை, ஐந்து, முடிவிலி என்று ஒரு தூரத்தை நீங்கள் தேர்ந்து வைக்கலாம். ஷட்டர் பொத்தானை அரையாக அழுத்தினால் வழக்கமான ஆட்டோஃபோகஸ். நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் ஆட்டோஃபோகஸைத் தாண்டி, குறித்த தூரத்திலேயே படம் எடுத்துவிடும். இவ்வளவு சின்ன உடலுக்குள் இவ்வளவு பெரிய சென்சாரோடு இந்த வசதியை இத்தனை நேர்த்தியாகத் தரும் வேறொரு கேமராவை நான் அறியேன். நீங்கள் பழக வேண்டியதெல்லாம் இரண்டு மீட்டரைக் கண்ணால் அளக்கத்தான். நம் வீட்டு வாசல் கதவு ஏழடி, அதாவது இரண்டு மீட்டரும் கொஞ்சமும். அந்த நீளத்தை மனதில் பதித்துக்கொண்டு தெருவில் நின்று எதிரில் வருகிறவர்களை அளந்து பழகுங்கள்.

ஜிஆர் வரிசைக்கு ஒரு நல்ல பாரம்பரியமும் உண்டு. 1996-ல் ஃபிலிம் கேமராவாக ஜிஆர்1 வந்தது. ஜப்பானின் தெருப் புகைப்படக் கலைஞர் டைடோ மோரியாமா அதைக் கையிலேந்தித்தான் டோக்கியோவின் ஷின்ஜுகு வீதிகளில் அலைந்தார். டிஜிட்டல் காலத்திலும் சின்னக் கேமராவை விடவில்லை. அவருடைய படங்களில் சொரசொரப்பும் ஆட்டமும் கொட்டிக் கிடக்கும். தெருப் படத்துக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்புகிறவர்கள் அவற்றைத் தேடிப் பார்க்கவேண்டும்.

வெளிச்சத்துக்கு வருவோம். நடக்கும் மனிதர் ஆடாமல் விழ ஷட்டர் வேகம் குறைந்தது 250-ல் ஒரு பங்கு விநாடி வேண்டும்; ஓடும் பிள்ளைகளுக்கு 500-ல் ஒன்று. நம் ஊர் உச்சி வெயிலில் இது பிரச்சினையே இல்லை: ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, எஃப் 8 என்று வைத்தால் 1600-ல் ஒரு பங்கு விநாடி கிடைக்கும். மர நிழலில் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அப்போது அதே அமைப்பில் 200-ல் ஒன்றுதான் வரும், ஐஎஸ்ஓவை 800 ஆக்கவேண்டும். விடியலுக்கு முன் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போனால் 6400 வரைகூட ஏற்ற நேரும். அங்கேதான் சென்சாரின் பரப்பு பேசுகிறது. ஜிஆர், எக்ஸ்100 போன்றவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார், ஒரு அங்குலச் சென்சாரைப்போல் மூன்று மடங்கு பரப்பு. மலிவான சின்னக் கேமராக்களில் வரும் 1/2.3 அங்குலச் சென்சாரைப்போல் ஏறக்குறைய பதின்மூன்று மடங்கு. இருட்டில் எடுப்பது உங்கள் விருப்பமானால் பணத்தை இதில் போடுங்கள். பகலில் மட்டும் எடுப்பவருக்குச் சின்ன சென்சாரும் மோசமில்லை.

ஜிஆருக்குக் குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. வியூஃபைண்டர் கிடையாது, உச்சி வெயிலில் திரை சரியாகத் தெரியாது. ஸ்னாப் ஃபோகஸ் பழகியவர்கள் திரையைப் பார்க்காமலே எடுப்பதால் சமாளிக்கிறார்கள். ஜிஆர் 3-ல் ஒரு பேட்டரிக்கு சுமார் 200 படம்தான். கூடுதலாக இரண்டு பேட்டரி வேண்டும். ஜிஆர் 2-ல் இருந்த உள் ஃபிளாஷ் இதில் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தூசி. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே மடங்குகிறது. காற்றோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்ற முடியாததால் சென்சாரை நாமே துடைக்க முடியாது. பஞ்சு, நூல் பிசிறு நிறைந்த பையில் அப்படியே போடாமல் சின்ன உறையில் இட்டு வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் இரவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காது. 2025-ல் வந்த ஜிஆர் 4 வேகத்திலும் சென்சாரிலும் ஒரு படி மேல், விலையும் அப்படியே.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. கண்ணை வைத்துப் பார்த்தால்தான் எடுக்க வரும் என்பவர்களுக்கு எக்ஸ்100 வரிசை, 35 மி.மீ. பார்வை, எஃப் 2 லென்ஸ், அருமையான வியூஃபைண்டர். பழைய எக்ஸ்100எஃப் கிடைத்தாலும் தெருவுக்குத் தாராளம். 2016-ல் வந்த ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்70, ஜிஆரைப்போலவே 28 மி.மீ. பார்வையும் ஏபிஎஸ்-சி சென்சாரும் கொண்டது, திரையும் மடங்கும். பழைய கேமராச் சந்தையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஜூம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு சோனி ஆர்எக்ஸ்100. 2012-ல் வந்த முதல் மாடல் 240 கிராம்தான். ஆனால் ஜூமை முழுதாக இழுத்தால் அப்பர்ச்சர் எஃப் 1.8-லிருந்து எஃப் 4.9-க்குச் சுருங்கும், உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகிவிடும். மூன்றாவது மாடலிலிருந்து மேலே எழும் வியூஃபைண்டரும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் படம் எடுக்கவேண்டுமென்றால் தண்ணீருக்குள்ளேயே 15 மீட்டர் ஆழம் தாங்கும் ஓஎம் சிஸ்டம் டிஜி-7 இருக்கிறது. சென்சார் சிறியது, மழையைப் பற்றிய கவலை மட்டும் இல்லை.

எதை வாங்கினாலும் முதல் நாளே பீப் ஒலியையும் ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கையும் அணைத்துவிடுங்கள். ஒளிந்து எடுப்பதற்காகச் சொல்லவில்லை. நடப்பது கேமராவால் தடைப்படக் கூடாது என்பதற்காகத்தான். யாராவது பார்த்துவிட்டால் சிரித்துத் திரையைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள். நடைபாதையில் உறங்குகிறவர்களையும், பெற்றோர் அறியாமல் குழந்தைகளையும் எடுக்காதீர்கள். சின்னக் கேமரா நமக்குத் தருவது நெருக்கம். அந்த நெருக்கத்துக்கு அவர்களின் சம்மதமும் சேர்ந்தே இருக்கவேண்டும்.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். அப்பர்ச்சரை ஆகச் சிறியதாக்கி, ஜிஆரில் என்றால் எஃப் 16-ல், வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எடுத்துத் திரையில் பெரிதாக்குங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. பத்து முறை அணைத்து ஆன் செய்து, லென்ஸ் திக்காமல் நீண்டு மடங்குகிறதா என்று கேளுங்கள், பாருங்கள். கையால் குறித்த ஃபோகஸ் தூரம், அணைத்துத் திரும்ப ஆன் செய்த பிறகும் அப்படியே இருக்கிறதா என்பதையும் சோதியுங்கள். இல்லாவிட்டால் தெருவில் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கும். அந்த மாடலுக்குப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா, உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ பழுது பார்ப்பவர் உண்டா என்றும் விசாரியுங்கள். இந்தச் சோதனைகளுக்கு விற்பவர் இடம் தரவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கேமராவை வாங்காதீர்கள்.